பீரோவில் பூட்டின பெட்டிகள்

கல்வராயன் மலை,
18.11.2012

அன்புள்ள நைனாவுக்கு, மக தேவயானி வணக்கத்தோட எழுதுறேன். முழங்கால் வலி எப்பிடி இருக்குது? அம்மா மாத்திரைய ஒழுங்கா போட்டுக்கினு வருதா? நான் நல்லா இருக்கேன். குளிருதான் பேஜாரு. செல்லுக்கு டவர் இல்ல, அதான் லெட்டர்.

வியாழக்கிழமை எங்க பள்ளிக்கூடத்துக்கு ஆபீசர் வந்தாரு. புள்ளைங்க கையால செஞ்சு பாத்துப் படிக்கட்டும்னு ஜூன்லயே பல்பு, ஒயரு, பேட்டரி எல்லாம் வெச்ச மின்சாரப் பெட்டிங்க வந்துச்சு. ஒரு பல்பு உடைஞ்சாலும் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு நான்தான் பதில் சொல்லணும்னு பயந்து, பீரோவுல பூட்டி வெச்சிருந்தேன். அன்னிக்கிக் காலையில ஒண்ணே ஒண்ணப் பிரிச்சு, ஒயரெல்லாம் நானே மாட்டினேன். கிளாஸ் லீடர் சுவிட்ச அழுத்தினான், பல்பு எரிஞ்சுது. மத்த புள்ளைங்க மூடின பெட்டியப் புடிச்சிக்கினு போட்டோவுக்கு நின்னாங்க. ஆபீசர் என்னைப் பாராட்டினாரு.

திருப்பி வாங்கும்போது ஒரு பொண்ணு, "டீச்சர், இதுக்குள்ள என்னா இருக்குது?"ன்னு கேட்டா. நான் பெட்டிய வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். நீங்க போட் இஞ்சினப் பிரிச்சப்போ ஏழு வயசுல என் கையில ஸ்பேனரக் குடுத்தீங்க. நான் ஒரு நட்டை மணல்ல தொலைச்சப்பகூட திட்டாம, என்னோட உக்காந்து தேடினீங்க.

பெட்டியப் பிரிக்க இன்னும் பயமாத்தான் இருக்குது. நீங்க திண்டிவனம் போனா, புள்ளைங்க பிரிச்சுப் பாக்கறதுக்குப் பழைய டார்ச்சு, ஓடாத ரேடியோ, ஸ்க்ரூடிரைவர் பார்சல்ல போடுங்க. அது உடைஞ்சா யாரும் ரிஜிஸ்டரத் தூக்கிக்கினு வரமாட்டாங்க. கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் வையுங்க. தனியாத்தான சாப்புடுறேன், வாசனைக்கு யாரும் மூஞ்சி சுளிக்க மாட்டாங்க.

லெட்டர் கொண்டுபோற ஜீப்பு கெளம்புது. அந்தப் போட்டோ பேப்பர்ல வந்துச்சாம். அம்மா சுவத்துல ஒட்டியிருந்தா எடுத்துடுங்க நைனா. அதுல சிரிக்கிறது நான் ஒருத்திதான்.

தேவயானி