சின்சினாட்டியில் மூன்று ஆட்டம்

ஜூன் 6, 2004 – ஞாயிறு

இன்று இரண்டு நல்ல அடி, ஒன்று வேலிக்கு வெளியே. முப்பத்தெட்டு வயதில் வேறென்ன வேண்டும்? ஆனால் செவ்வாய் முதல் சின்சினாட்டியில் மூன்று ஆட்டம். அவர்கள் வேறு லீக். எங்கள் லீகில் பிட்சர் பந்து வீசினால் போதும், அவனுக்குப் பதிலாக மட்டை பிடிக்க என்னைப் போல் ஒருவன் இருப்பான். அங்கே போனால் அவர்கள் விதி, பிட்சரே மட்டை பிடிக்க வேண்டும். அதே பேஸ்பால்தான், ஊர் மாறினால் எனக்கு வேலை இல்லை. எந்தப் புண்ணியவான் யோசித்தானோ!

வெள்ளிக்கிழமை ஹாங்க் காயம் ஆறித் திரும்புகிறான். அணியில் இருபத்தைந்து பேருக்குத்தான் இடம், அவன் வர ஒருவன் போக வேண்டும். மூன்று நாள் பெஞ்சில் இருப்பவன்தான் முதலில் கண்ணில் படுவான்.

ஜூன் 7

விமானத்தில் மானேஜர் டூலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெண்டல், முதல் பேஸ்ல நிப்பியா? முட்டி தாங்குமா?"

"ஜம்முனு இருக்கு டூலி."

பொய். படி இறங்கவே கைப்பிடி வேண்டும். ஆனால் அங்கே களத்தில் நின்று பந்து பிடிப்பவனுக்குத்தான் மட்டை.

ரூடியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். ஏழு வருடமாகப் பக்கத்து லாக்கர். வியாழக்கிழமை அவன்தான் பிட்சர்.

"லூசாடா நீ?" என்று திட்டித் தீர்த்தான். பிறகு, "சரி விடு. என் ஆட்டத்துல உன் பக்கம் எது வந்தாலும், அடிச்சவன் வர்றதுக்குள்ள நான் ஓடி வந்து பந்தை வாங்கி பேஸை மிதிச்சு அவுட்டாக்கறேன். நீ எடுத்துப் போடு, போதும்."

ஜூன் 8

ஒரு அடி. ஓட வேண்டிய பந்து எதுவும் என் பக்கம் வரவில்லை, தப்பித்தேன். ஆனால் ஐந்தாவது இன்னிங்ஸில் பழக்க தோஷம் — எங்கள் ஊரில்போல மட்டையடித்துவிட்டு உள்ளே போய், முட்டி இறுகாமலிருக்க உடற்பயிற்சி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒன்பது பேர் நிற்க வேண்டிய இடத்தில் எங்கள் ஆட்கள் எட்டுப் பேர் நிற்கிறார்கள், அம்பயர் கத்துகிறார். நொண்டாமல் ஓடப் பட்ட பாடு! மொத்த அரங்கமும் எழுந்து கைதட்டியது. மானம் போயிற்று.

ஜூன் 9

வீக்கம். ஐஸ். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 10

எழுதித்தான் ஆக வேண்டும்.

மதியம் ஆட்டம். ரூடி பள்ளிக்கூடத்துக்குப் பிறகு மட்டையைத் தொட்டதில்லை. "மட்டையைத் தோள்லேருந்து எடுத்தே, கொன்னுடுவேன்" என்று டூலி சொல்லி அனுப்பினார். அவனும் சிலையாக நின்று அவுட்டாகி, சிரித்துக்கொண்டே வந்தான். மட்டை வீசப் போய் அடிபட்டுக்கொள்வானோ என்றுதான் எல்லோரும் பயந்தது. அதில் ஒன்றும் ஆகவில்லை.

ஆறாவது இன்னிங்ஸ். உருண்டு வந்த பந்து நேராக என் கைக்கு. பேஸ் நான்கே காலடி தூரம். யாராக இருந்தாலும் தானே போய் மிதித்திருப்பான். என் முட்டி பூட்டிக்கொண்டது. ரூடி சொன்னபடி ஓடி வந்தான். போட்டேன் — அவன் முதுகுக்குப் பின்னால். அவன் திரும்பி எட்டிப் பிடிக்கப் பார்த்தான், கால் பேஸ் மேல் குறுக்கே. மட்டையடித்துவிட்டு ஓடி வந்தவன் அந்தக் கணுக்கால்மேல் ஏறிவிட்டான்.

சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது.

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு டூலியிடம் சொல்கிறான்: "வெண்டல் சரியாத்தான் போட்டான். நான்தான் பாக்கல." தப்பு அவன் பேரில் பதிவாயிற்று. நான் வாயைத் திறந்தேனா? இல்லை. ஏன் திறக்கவில்லை?

ஜூன் 11

எலும்பு முறிவு. இந்த வருடம் அவனுக்கு முடிந்தது.

எங்கள் மைதானம், எங்கள் விதி. மட்டை பிடிப்பவர்கள் பட்டியலில் நான்காவதாக என் பெயர். ஹாங்கும் வந்துவிட்டான். யாரையும் அனுப்பவில்லை, ரூடியின் இடம் காலியாக இருந்ததே!

தாங்க முடியாமல் டூலியின் அறைக்குப் போனேன். முட்டி, பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நிமிரவே இல்லை.

"ஏர்போர்ட்ல நீ படி இறங்கினதைப் பாத்தேன்யா. உன் மட்டை வேணும்னு தோணிச்சு. போ, போய் சைக்கிள் மிதி."

ஆக, என் முட்டி விஷயம் எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஓடி வந்தது ரூடி மட்டும்.