கடைசிப் பலகையில் எடுத்த தண்ணீர்

ஜூன் 18, புதன்

புது நோட்டு. பட்டியல் போடாமல் எனக்கு எழுத வராது. இந்தப் பருவம் முடியும்வரை இதில் எழுத வேண்டியவை:

1. ஏரியின் மட்டம். சென்ற வருடத்தைவிட இரண்டடி குறைவு. தினமும் குறிக்க வேண்டும்.
2. வெயில், காற்று.
3. தண்ணீரின் காரத்தன்மை.
4. மாதிரி எடுக்கும் இடம்: படகுத்துறையின் கடைசிப் பலகை, காலை ஏழு மணி. எட்டு வருடமாக அதே இடம், அதே நேரம். இதில் எழுத எதுவும் இருக்காது.
5. மகளின் உரிமம். ஜூலை முடிவதற்குள் ஒரு நாளாவது அறுவடை பதிவாக வேண்டும். இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.
6. படகு விஷயம். யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பட்டியல் முழுமையாக இருக்கட்டும் என்று மட்டும் எழுதுகிறேன்.

ஆறு போதும்.

ஜூன் 19, வியாழன்

மட்டம் நேற்றையதைவிட அரை அங்குலம் குறைவு. காற்று இல்லை.

"இந்த வருஷம் நல்லா வருமாப்பா?" என்று மகள் கேட்டாள். "வரும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் பேசினேன். நீலப்பச்சைப் பாசி அதிகம் கேட்பதில்லை. ஆழமில்லாத பெரிய பரப்பு, காரம் கூடிய தண்ணீர், நீண்ட பகல், அடிச்சேற்றைக் கலக்கிப் பாஸ்பரஸை மேலே கொண்டுவர ஒரு காற்று. நைட்ரஜனைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும், யாரிடமும் கையேந்தாது. தொட்டியில் வளர்த்துப் பார்த்தவர்கள் தோற்றார்கள். ஏரியில் தானாக வந்தால்தான் உண்டு. நாங்கள் அதை அள்ளி, சல்லடையில் வடித்து, குளிர வைத்து, உலர்த்தி, சாப்பிடும் சத்துப் பொடியாக்கி அனுப்புகிறோம்.

நாங்கள் என்று எழுதிவிட்டேன். எல்லாம் மகள்தான். நான் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன். அந்தத் தகுதியில், மாதிரியை நானே எடுத்து, நானே எண்ணி, கையெழுத்துப் போட்டால்தான் அவளுடைய படகு நகரலாம். விதி அப்படி.

மனைவி இன்னமும் அந்தப் பொடியைத் தொடுவதில்லை. "பாசியத் திங்கவா இவ்ளோ செலவு பண்ணி எனக்குப் பல்லு கட்டினீங்க?"

துறையிலிருந்து நூறடி தள்ளி, தண்ணீருக்கு நடுவில் ஒரு நாரை நின்றது. அசையவே இல்லை. பார்க்க நன்றாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

முதல் தகடு. நல்ல பாசி வந்துவிட்டது. வெறும் கண்ணுக்குப் புல்லை நறுக்கித் தூவியதுபோல் இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு துணுக்கும் நேரான இழைகளின் கட்டு. எட்டு வருடம் பார்த்தும் முதல் நாள் ஒரு சந்தோஷம் வருகிறது.

ஓரத்தில் ஒரே ஒரு உருண்டைக் கூட்டம். சின்னச் சின்னப் புள்ளிகள், கூழில் சிக்கியதுபோல். கெட்ட பாசி. ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அதில்தான் உண்டு. ஒன்று இருந்தால் பயமில்லை. எல்லா வருடமும் ஒன்றிரண்டு இருக்கும்.

ஜூன் 25, புதன்

கெட்டது ஒன்பது. மறுபடி எண்ணினேன். பதினொன்று.

எனக்கு எண்ணத் தெரியவில்லையா, அது நான் எண்ணும்போதே பெருகுகிறதா?

ஜூன் 26, வியாழன்

முப்பத்து நான்கு. ஒரே தகட்டில்.

மகள் படிவத்தை மேசையில் வைத்து, பேனா மூடியையும் கழற்றி வைத்திருந்தாள். படகோட்டி வாசலில் நின்றார். அவருக்குக் கேப்டன் என்று பெயர் வைத்தது என் மனைவி, அதுவே ஊர்ப்பெயராகிவிட்டது.

"போடலம்மா" என்றேன்.

"இன்னிக்குப் போடலையா, இல்ல…"

"குறையிறவரைக்கும் போடமாட்டேன்."

அவள் பேனாவை மூடினாள். கேப்டன், "அப்ப நான் வலைய மடிச்சு வெச்சிடட்டுமாம்மா?" என்றார். "வைங்க" என்றாள்.

முப்பத்தொரு வருடத்தில் எந்த மேலதிகாரியிடமும் முடியாது என்று சொன்னதில்லை. "பார்க்கலாம் சார்" என்பதுதான் என் அதிகபட்ச வீரம். இன்று சொல்லிவிட்டேன். சொந்த மகளிடம் சொல்வது சுலபமா, கஷ்டமா? தெரியவில்லை. ஆனால் சொன்ன பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஜூன் 27, வெள்ளி

நாற்பத்தொன்று. கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 2, புதன்

காரத்தன்மை சரியாக இருக்கிறது. துறையருகே தண்ணீர் வெதுவெதுப்பு. மட்டம் இன்னும் இறங்கியிருக்கிறது. நாரை இன்று இரண்டு.

சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "வேற எடத்துலயும் ஒரு பாட்டில் எடுத்துப் பாக்கலாமாப்பா?"

"வேற எடம்னா?"

"சும்மா. நடுவுல, எங்கயாவது."

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? "எட்டு வருஷமா அந்தப் பலகையில எடுத்த தண்ணியத்தானே நம்பி வித்தே? ஏரி ஒண்ணுதானே? என் முறைமேல சந்தேகம்னா வேற ஆளப் பாத்துக்கோ" என்று கத்தினேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். மகள், "சந்தேகம் இல்லப்பா, சாப்பிடுங்க" என்றாள்.

முறையைப் பற்றித்தான் கோபம் என்று எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

நஞ்சுச் சோதனைக்குத் தலைநகருக்கு அனுப்பிய மாதிரியின் முடிவு வந்தது. அனுமதித்த அளவைப்போல் ஆறு மடங்கு.

ஆறு மடங்கு! நான் கையெழுத்துப் போட்டிருந்தால் எத்தனை வீட்டுச் சமையலறைக்குப் போயிருக்கும். மகள் தாளை இரண்டு முறை படித்தாள். "நல்லவேளைப்பா" என்று என் தோளைத் தொட்டாள். மனைவி எனக்கு இன்னொரு டீ வைத்தாள். அது அவளுடைய பாராட்டுப் பத்திரம்.

இனி குறையும். குறைந்துவிடும். இருபத்திரண்டு நாள் இருக்கிறதே.

ஜூலை 14, திங்கள்

குறையவில்லை.

எதிர்க்கரைக் கம்பெனி அள்ளுகிறது. உலர்த்தும் அறை ஜன்னலிலிருந்து அவர்களுடைய மூன்று படகுகள் ஏரி நடுவில் தெரிகின்றன. நம் உரிமம் போனால் பட்டியலில் அடுத்த பெயர் அவர்களுடையது.

"வாரி வாரி எடுக்கிறாங்க சார்" என்றார் கேப்டன். "அவங்க சோதனையில சுத்தம்னு வந்துச்சாம்."

"எழுதிக்கிட்டா சுத்தம். எவன் பாக்குறான்?" என்றேன். நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. பேசினேன். கேப்டன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மகள் காலியாக இருக்கும் சல்லடைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நேற்றும் கழுவினாள்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் கேப்டன் என் மேசையில் ஒரு பாட்டிலை வைத்தார்.

"என்ன இது?"

"தண்ணி சார்."

"தெரியுது. எங்க எடுத்தீங்க?"

"நடுவுல. சும்மா பாருங்களேன், காசா பணமா."

பாட்டிலை நன்றாகக் கழுவினாரா, நிழலில் வைத்தாரா என்று குறுக்கு விசாரணை செய்தேன். எல்லாம் செய்திருந்தார். என் வழக்கம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் தகடு: கெட்டது இல்லை. இரண்டாவது: இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது. இழை, இழை, இழை. அத்தனையும் நல்ல பாசி. அவ்வளவு செழிப்பாக எட்டு வருடத்தில் பார்த்ததில்லை.

என் தகட்டில் அறுபது. அவருடையதில் பூஜ்யம். ஒரே ஏரி. எப்படி? எப்படிய்யா?

நான் எடுக்காத மாதிரிக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. அதாவது—

ஜூலை 21, திங்கள்

துறைவரை போனேன். படகு கட்டியிருந்தது. கேப்டன் கயிற்றைப் பிடித்து நின்றார். "வெயில் ஏறிடுச்சு, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லித் திரும்பினேன். அப்போது மணி ஏழே கால்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு கால் படகில். அது நகர்ந்தது. நகரும், தண்ணீரில் இருக்கும் பொருள் நகரும், எனக்கென்ன அது தெரியாதா? காலை எடுத்துவிட்டேன்.

மகளிடம், "இன்னும் ரெண்டு நாள் பாக்குறேம்மா" என்றேன். எதைப் பார்க்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் அறுவடை பதிவானால் போதும். அதையும் அவள் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை.

கொஞ்சமும் காற்று இல்லாத நாள். புழுக்கம். நேற்றிலிருந்தே மேகம் மூடிக்கொண்டு நிற்கிறது.

ஜூலை 24, வியாழன்

ஏறினேன்.

எப்படி ஏறினேன் என்று எழுத வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டேன்; கேப்டன் என் இரண்டு கையையும் பிடித்து, மூட்டையை இறக்குவதுபோல் இறக்கினார். "குனிஞ்சே உக்காருங்க சார், எந்திரிக்காதீங்க, நான் இருக்கேன்ல" என்று ஒரே பாட்டு.

நூறடி போயிருப்போம். படகின் அடி தரையில் உரசி நின்றுவிட்டது. கேப்டன் இறங்கித் தள்ளினார். தண்ணீர் அவருக்குக் கணுக்கால் மட்டும்தான். பக்கத்தில் நாரை எழுந்து பறந்தது.

நாரை. இரண்டாம் நாளே எழுதியிருக்கிறேன், தண்ணீருக்கு நடுவில் நிற்கிறது என்று. கால் நீளமான பறவை என்றாலும் ஏரி நடுவில் எப்படி நிற்கும்? மட்டம் இரண்டடி இறங்கியதில் மணல் திட்டு மேலே வந்து, துறையை ஒரு மூலையாக அடைத்துவிட்டிருக்கிறது. உள்ளே மாட்டிய தண்ணீர் சூடாகி, அலையில்லாமல் நின்றுவிட்டது. நல்ல பாசி அங்கே செத்து, அது அழுகிய சத்தில் கெட்டது கொழுத்திருக்கிறது. நான் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு குட்டையைச் சோதித்து ஏரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். மட்டம் என் கையெழுத்தில் இருக்கிறது. வெதுவெதுப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. நாரை இரண்டு என்றுகூட இருக்கிறது.

நான்காவது குறிப்பில் எழுத எதுவும் இருக்காது என்று எழுதியிருந்தேன்.

திட்டைத் தாண்டியதும் நாற்றம் வந்தது. தண்ணீர் பச்சையாக இல்லை, பழுப்பு. கேப்டன் துடுப்பை நிறுத்தினார். "நேத்து ராத்திரி விழுந்திருக்கு சார்." பாசி மடிவதை அவர்கள் விழுவது என்பார்கள். அசையாத காற்று, வெயில் இல்லாத இரண்டு நாள், முற்றிய பாசி. அவ்வளவு போதும்.

இருந்தும் பாட்டிலை நிரப்பினேன். என் கையால், ஏரி நடுவில், முதல் முறை. மதியம் தகட்டில் அறுந்த இழைகள், காலியான ஓடுகள். கெட்டது இல்லை. நல்லதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டில் வந்தது. திங்கட்கிழமை ஏழே கால்.

ஜூலை 31, வியாழன்

பருவம் முடிந்தது. அறுவடை நாட்கள் என்ற கட்டத்தில் மகள் பூஜ்யம் போட்டாள். அவளுடைய பூஜ்யம் எப்போதும் நல்ல வட்டமாக இருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

உரிமம் போய்விட்டது. கடிதம் மூன்றே வரி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கேப்டன் எதிர்க்கரைக்குப் போய்விட்டார். போகிறபோது, "படகு பழகிடும் சார், ரெண்டாவது தடவ இவ்ளோ இருக்காது" என்றார். எங்கே போவதற்கு இரண்டாவது தடவை?

செப்டம்பர் 3, புதன்

மகள் இன்று எதிர்க்கரைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சல்லடைப் பிரிவு மேற்பார்வை; ஜூலையில் அள்ளிக் குளிரில் வைத்திருப்பதை இன்னும் வடிக்கிறார்கள். சாயங்காலம் வந்து கை கழுவி உட்கார்ந்தாள், நகக்கண்ணில் பச்சை. எங்கள் அறையில் இந்த வருடம் யார் நகத்திலும் பச்சை ஏறவில்லை.

நாற்பது நாளாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமலிருந்ததைச் சொன்னேன். மனைவியும் இருந்தாள்.

"எனக்குப் படகுன்னா பயம்மா. அதனாலதான் எப்பவும் அந்தப் பலகை. எட்டு வருஷமும் அதான். முறையெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்த மூணு நாளும்… தலைவலின்னு சொன்னது பொய்."

அழுவாள், அல்லது எழுந்து போவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். அவள் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"எனக்கு ஆறு வயசு இருக்கும். பார்க்குல பெடல் படகுக்குப் போனோம்ல? நான் செருப்பப் பாத்துக்கறேன், நீங்க போங்கன்னு நின்னுட்டீங்க. அதுக்குச் செருப்பையே கழட்ட வேண்டாம்பா. நாங்க போட்டிருந்ததக் கேட்டு வாங்கிக்கிட்டீங்க."

"எங்களுது மட்டுமா?" என்றாள் மனைவி. "பின்னால வந்த குடும்பத்தோட செருப்பையும் சேத்து. திரும்பி வந்து அந்தாளு இவர் கையில சில்லறை குடுத்தாரே, காவல்காரர்னு நெனச்சு. வாங்கிக்கிட்டு தேங்க்ஸ் வேற."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேனா, நினைவில்லை.

"அப்ப அந்த பாட்டில்?" என்று கேட்டேன்.

"நான்தான் கேப்டன்கிட்டச் சொன்னேன். பதினெட்டு நாள் யோசிச்சேன்பா. வேற எடம்னு ஒரு தடவ கேட்டதுக்கே கத்துனீங்க. அப்புறம் ஆறு மடங்குன்னு தாள் வந்ததும் நீங்க சொன்னதுதான் சரியோன்னு நெனச்சேன்." டீயைக் குடித்து முடித்தாள். "படகுல ஏறுங்கப்பான்னு கேட்டிருந்தா ஏறியிருப்பீங்க. அங்க கை கால் ஒதற உக்காந்திருக்கறத கேப்டன் பாத்திருப்பாரு. அதான் கேக்கல."

"அவர் பாத்துட்டாரும்மா."

"ம்" என்றாள். கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினேன். மட்டம், காற்று, காரம் சரியாகவே குறித்திருக்கிறேன். நான்காவது பற்றி எழுதியாயிற்று. ஐந்தாவது முடிந்துவிட்டது. ஆறாவதில், யாருக்கும் தெரியாது என்று இருக்கிறது.

அது தவறு.