எந்த முழங்கால்?

உறுவையாறு
12-2-1980

பிரியமுள்ள உங்களுக்கு அன்னாமேரி எழுதுவது. மாதா கிருபையால் சுகம். நெல் அறுப்பு முடிந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தை விட்டுக் குதிரை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டீர்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கலியாணமான புதிதில் வில்லியனூர் திருவிழாவுக்கு நடந்தே போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உங்களைப் பின்னால் விட்டுவிட்டு நான் ஓட்டமும் நடையுமாய்ப் போனேன். இப்போது கோயிலில் முழந்தாளிட முடியவில்லை.

பக்கத்து வீட்டுத் தனக்கொடி, "இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு வேலை பாக்கற எடத்துல குதிரைக்கே மூட்டுவலி ஊசி போடறாங்களாமே. உனக்கு ஒண்ணு அனுப்பக் கூடாதா?" என்றாள். கேட்டுத்தான் பாருங்களேன்.

உங்கள் அன்னாமேரி

பிரான்சு
9-3-1980

அன்பு மேரிக்கு,

டாக்டரிடம் கேட்டேன். சேவல் கொண்டையிலிருந்து எடுக்கிற மருந்தாம். இப்போதைக்குக் குதிரைக்கு மட்டும்தான்.

நான் பார்த்துக்கொள்ளும் கிழட்டுப் பெட்டைக் குதிரைக்கு ரோஸ் என்று பெயர். முழங்கால் ஜவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. ஊசி போட்டபின் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்! உனக்கும் வரும், பொறுத்திரு. ரோஸை விட்டு இந்த வருஷம் லீவு எடுக்க முடியாது. கோபிக்காதே.

மரியசுந்தரம்

உறுவையாறு
2-4-1980

ரோஸ் ஓடுவது சந்தோஷம். எனக்கு ஓட வேண்டாம், வாய்க்கால் வரைக்கும் போய்வந்தால் போதும். வருஷா வருஷம் பொறுத்திரு என்றுதான் எழுதுகிறீர்கள். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

அன்னாமேரி

பிரான்சு
14-9-1980

அன்பு மேரி,

ரோஸ் போய்விட்டாள். ஊசி ஆராய்ச்சி முடிந்தால் குதிரையைக் கொன்று முழங்கால் மூட்டைத் திறந்து பார்ப்பார்கள் என்று முன்பே தெரியும். உனக்கு எழுத மனம் வரவில்லை. கயிற்றை நான்தான் பிடித்துக்கொண்டேன். என் தோளில் தலையைச் சாய்த்தபடியே அடங்கிப்போனாள்.

டாக்டர் மூட்டைக் காட்டி, "வலி போனது உண்மை. தேய்மானம் நிற்கவில்லை" என்றார். நன்றாக இருக்கிறாள் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

லாயத்துக்கு வெளியே நின்றாலும், காலடிச் சத்தத்தை வைத்தே ரோஸுக்கு எந்தக் கால் வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன். நீ நொண்டி நடந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு முன்னால் ஓடினவள்தான் கண்ணில் நிற்கிறாள்.

உனக்கு வலிப்பது எந்த முழங்கால், மேரி?

மரியசுந்தரம்

உறுவையாறு
6-10-1980

பிரியமுள்ள உங்களுக்கு,

இடது முழங்கால். படி இறங்கும்போதுதான் அதிகம். குந்தி எழுந்தால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மழைக் காற்று அடித்தால் வலதும் சேர்ந்துகொள்ளும்.

ரோஸுக்குப் பூசை வைக்க முடியுமா என்று பங்குச் சாமியாரைக் கேட்டேன். "குதிரைக்கா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மெழுகுவத்தி ஏத்தும்மா" என்றார். ஏற்றினேன்.

வருவதானால் தேதி எழுதுங்கள். வராவிட்டாலும் இப்படி ஏதாவது கேட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்னாமேரி