விட்டுப்போன ‘ன்னு’

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன், அதில் எவ்வளவு நிஜம் என்பது படிக்கப் படிக்க உனக்கே தெரியும். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏனென்றால் நீ போனை எடுப்பதில்லை. உன் அம்மா கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை, “கிளாஸ்ல இருக்கேன்” என்று ஒரு வரி மட்டும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் கிளாஸ் நடத்துகிற காலேஜை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது உன் மேசை மேலேயே கிடக்கும், மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், இவள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் குழாய் சொட்டினால் கீழ்வீட்டிலிருந்து உன் சித்தப்பா கூப்பிடாமலே ஸ்பானரோடு வந்து நிற்பான், இப்போது அவனைக் கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை, அடியில் ஒரு வாளியை வைத்திருக்கிறோம். வேலையிலிருந்து நிறுத்தி வைத்த நாளிலிருந்து அவன் வீட்டிலேயேதான் இருக்கிறான். வீட்டில் உட்கார்ந்திருக்கும் லிஃப்ட் மெக்கானிக்கைப் போலப் பாவப்பட்ட ஜன்மம் கிடையாது, ஏற்றவும் ஒன்றுமில்லை, இறக்கவும் ஒன்றுமில்லை. நம் கட்டடத்தில் இருக்கிற அத்தனை கதவுக் கீலுக்கும் எண்ணெய் போட்டுவிட்டான். இப்போது யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று ஒரு சத்தமும் கேட்பதில்லை, வீடே செத்துக் கிடக்கிறது. சித்தி மாடிப்படியில் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி உன் வீடியோ விஷயம். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நீ மல்டிமீடியாவும் இணைய இதழியலும் படிக்கப் போகிறேன் என்று நின்றபோது, அது படிப்பா பொழுதுபோக்கா என்று கேட்டவன் நான். “வாய் சும்மா இருக்காத பிள்ளைக்கு அதைவிட நல்ல படிப்பு எது அண்ணா, ரேடியோ போகட்டும் விடுங்க” என்று உனக்காகப் பேசியவன் உன் சித்தப்பா. உனக்கு ரேடியோ என்று பேர் வைத்ததும் அவன்தானே. அந்த ரேடியோவின் வீடியோவைக் காலேஜ் தன் இணையப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, வகுப்பில் அதற்குத்தான் முதல் பரிசு என்று நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் கண்ணாடிக் கடைக்கு வந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் காட்டினேன். கண் பரிசோதனைக்கு வந்தவரைக்கூட விடவில்லை, கண்ணாடி போடாமலே பாருங்கள் என்றேன். அவர்தான் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், “உங்க தம்பி தப்பைத் தன் மேலயே போட்டுக்கிட்டாரே, பெரிய மனசுதான், ஆனா வேலை போயிடாதா?” என்று. அப்போதுதான் நான் படத்தை விட்டுவிட்டுப் பேச்சைக் கேட்டேன். அதுவரைக்கும் திரையில் வந்த உன் பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ லீவுக்கு வந்து படம் பிடித்த அன்றைக்கு மேசை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான், மறந்துவிட்டாயா? கை கடுக்கக் கடுக்கப் பிடித்தேன், அசையாதீங்கப்பா, நிழல் விழுது என்று அதட்டினாய். அதனால் என் தம்பி என்ன சொன்னான் என்பதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. “நான் சரியா பார்க்கல, அதனாலதான் லிஃப்ட் இறங்கிடுச்சுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. பிரேக் கட்டை தேஞ்சிருக்கு, மாத்தணும்னு மேனேஜர்கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னவனே நான்தான்” என்றான். வீடியோவில் என்ன இருக்கிறது? “நான் சரியா பார்க்கல, அதனாலதான் லிஃப்ட் இறங்கிடுச்சு.” அவ்வளவுதான். அந்த ‘ன்னு’ எங்கே போயிற்று? இரண்டே எழுத்து, மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை, அதை வெட்டினதும் ஆபீஸ்காரன் சொன்ன பழி என் தம்பி வாயிலிருந்தே வந்த வாக்குமூலம் ஆகிவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே தவளை ஒழுங்காகத்தான் கத்தியது. அதோடு விட்டீர்களா? உடனே அவன் தலையைக் குனிந்துகொள்கிறான், அடியில் சோகமாக ஒரு வயலின், அப்புறம் லிஃப்ட் கதவு மூடிக்கொள்கிறது. பார்க்கிறவன் நம்பத்தான் செய்வான். ஆனால் அவன் அன்றைக்குத் தலை குனிந்தது எதற்கு என்று உனக்கும் எனக்கும் தெரியும். பேசி முடித்து வெகு நேரம் கழித்து மூக்குக் கண்ணாடித் திருகு கழன்று தரையில் விழுந்தது, அதைத் தேடினான். மூன்று பேருமாகத் தரையைத் தடவினோம், கிடைக்கவில்லை, மறுநாள் கடையில் நான்தான் வேறு போட்டுக் கொடுத்தேன். திருகு தேடிய முகத்தை எடுத்துக் குற்றம் செய்தவன் முகமாக ஒட்டியிருக்கிறீர்கள்.

கேட்டதற்கு நீ போனில் சொன்ன பதில் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. “எடிட் பண்ணது எங்க குரூப்ல இன்னொரு பொண்ணுப்பா, ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது, முதல் அஞ்சு செகண்ட்ல பார்க்கிறவங்களைப் பிடிச்சு நிறுத்தணும், இல்லேன்னா விரலால தள்ளிட்டுப் போயிடுவாங்க” என்றாய். சரி, தொழில் அப்படியென்றால் எனக்கு என்ன தெரியும். ஆனால் அதற்கப்புறம், “எனக்கும் அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சுப்பா” என்றாய் பார், அதற்குப் பிறகுதானே நீ போனை எடுப்பதை நிறுத்தினாய். அந்த ‘அப்பவே’ என் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. தெரியாமல் விட்டது வேறு, தெரிந்தும் சும்மா இருந்தது வேறு. சித்தப்பா பக்கத்து நியாயத்தை ஊருக்குச் சொல்லப் போறேன் என்றுதானே அன்றைக்கு அவனை நாற்காலியில் உட்கார வைத்தாய். அவனும் நம்பி, சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

இதனால் என்ன ஆகிவிட்டது என்று நீ நினைக்கலாம், அதையும் சொல்கிறேன். அந்த லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற அம்மா, லிஃப்டிலிருந்து இறங்கும்போது அது சறுக்கிக் கால் முறிந்தவர், அவர்தான் இவனுக்கு இருந்த ஒரே சாட்சி. பிரேக்கை மாற்றச் சொல்லி இவன் மேனேஜரிடம் வராந்தாவில் கெஞ்சியதை அவர் தன் காதால் கேட்டிருக்கிறார். அதை விசாரணையில் வந்து சொல்வதாகவும் இருந்தார். போன வாரம் நானும் உன் அம்மாவும் அவரைப் பார்க்கப் போனோம். மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் பேசினார். “நான் அவர் பக்கம்தான் பேசணும்னு இருந்தேன். அவரே வீடியோவில ஒத்துக்கிட்டப்புறம் நான் என்னத்தைச் சொல்றது? என் காலைப் பார்த்தா எனக்கும் கோபம் வருமா வராதா?” என்றார். அது வெட்டின வீடியோம்மா என்றேன். அண்ணன்காரன் அப்படித்தானே சொல்வான் என்று அவர் சொல்லவில்லை, நினைத்தார், எனக்குத் தெரிந்தது. மேனேஜரும் சும்மா இல்லை, அந்த வீடியோவை விசாரணையில் போட்டுக் காட்டப் போகிறாராம். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை.

இதில் எனக்கு வயிறு எரிவது எதற்கென்றால், உன் சித்தப்பா அங்கே வாயைத் திறக்கப் போவதில்லை. வெட்டின வீடியோ என்று சொல்லுடா என்று நான் கத்தினேன். அவன் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொல்கிறான், “ரேடியோவுக்கு இப்பதான் ஒரு நியூஸ் கம்பெனியில பயிற்சிக்கு இடம் கிடைச்சிருக்கு அண்ணா, இந்த வீடியோவை வச்சுத்தான் எடுத்திருக்காங்க. பேச்சை வெட்டி மாத்தினவன்னு அவ பேரு கெட்டுப்போச்சுன்னா அப்புறம் யாரு அவளைச் சேர்த்துப்பாங்க? ஆமா, தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போறேன். எனக்கென்ன, ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தா எங்கயும் பொழச்சுக்குவேன்” என்று. எங்கே பிழைப்பான்? ஒருத்தர் கால் முறியக் காரணம் நான்தான் என்று கையெழுத்துப் போட்டவனை எந்தக் கட்டடத்து லிஃப்ட் பக்கம் விடுவார்கள்? அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். உன்னிடம் இதையெல்லாம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினான், நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு வந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா உன் கட்சி. பிள்ளையை மிரட்டாதீங்க, அங்க தனியா இருக்கா, ஏதாவது ஆயிடப் போகுது என்று எழுத ஆரம்பித்ததிலிருந்து பின்னாலேயே நின்றுகொண்டிருக்கிறாள். மிரட்டவில்லை. எனக்கும் உன் எதிர்காலம் கண்ணில் தெரியாமல் இல்லை, அந்தப் பயிற்சி போய்விடலாம், பரிசைத் திருப்பிக் கேட்கலாம், வகுப்பில் நாலு பேர் சிரிக்கலாம். அதெல்லாம் நடக்காது என்று உனக்குப் பொய்ச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்கிறேன். அன்றைக்குப் பிடித்த முழுப் பதிவும் உன்னிடம் இருக்கிறதா? போனில் இடமில்லை என்று பழசையெல்லாம் துடைத்துப் போடுகிறவள் நீ, அதை நினைத்தால்தான் எனக்குத் திக்கென்கிறது. இருந்தால் அதை ஓர் இடத்திலும் வெட்டாமல், திருகு தேடினதோடு சேர்த்து, அந்த ஆபீஸுக்கும் கணக்குப் பிரிவு அம்மாவுக்கும் அனுப்பு. உன் ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொல், இந்த வீடியோ போட்ட அதே பக்கத்தில் அதையும் போடச் சொல். அது அழிந்துபோயிருந்தால் உன் வாய் இருக்கிறதே, அது எதற்கு இருக்கிறது, கேமரா முன்னால் நீயே உட்கார்ந்து சொல். அந்த இன்னொரு பெண்ணை இழுக்காதே, மேலே உன் பேர்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் செய்யாதே, யாருக்கும் தெரியாமல் வீடியோவை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதே. அங்கிருந்து எடுத்துவிடலாம், பார்த்தவர்கள் மனசிலிருந்து யார் எடுப்பது?

என் கடையில் கண் பரிசோதனைக்கு உட்காருகிறவர்கள் எல்லோரும் முதல் வரியைக் கணீரென்று படித்துவிடுவார்கள், அது யானை பெரிசு எழுத்து, யாருக்குத்தான் தெரியாது. பார்வை எப்படி என்பது கடைசி வரியில்தான் தெரியும். நம் பேச்சும் அப்படித்தானே, உண்டா இல்லையா, சொன்னது நானா வேறொருத்தரா என்பதெல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் தொங்குகிறது. உங்கள் வகுப்பில் முதல் ஐந்து செகண்டைச் சொல்லிக் கொடுத்தவர்கள் இதையும் சொல்லிக் கொடுத்திருக்கலாம், நான் கண்ணாடிக் கடைக்காரன், எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொள்ளாதே, மூக்கில் போடு, அடிக்கடி கண்ணை மூடித் திற. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் உனக்கு என்றைக்கும் இருக்கட்டும், அம்மாவும் பின்னால் நின்று ஆசி சொல்கிறாள். விசாரணை வெள்ளிக்கிழமை, கடிதம் அதற்குள் வந்துவிட வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன், கையில் கிடைத்ததும் கூப்பிடு. இனி உன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிடுவார் என்று பயந்துகொண்டு போனை எடுக்காமல் இருக்காதே. இந்த வரியைப் பாதியில் வெட்டிவிடாதே அம்மா, கடைசிச் சொல்வரைக்கும் படி.

என்றும் உன்,
அப்பா