நெற்றி ஜில்லென்று இருந்தது

நவம்பர் 4, திங்கள் காலை

செல்லத் தங்கச்சிக்கு,

உன் வாயாடியை வாசலோடு திருப்பி அனுப்புகிறேன். நீ என்னைச் சபிப்பாய் என்று தெரியும். சபி, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் சபி. போனில் பேசினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். பிள்ளையின் பையில் கடிதம் வைத்தால் நான் திட்டும்போது நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளை ஸ்கூட்டரை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறார். நிற்கட்டும்.

குளிர் வந்துவிட்டது. இந்தக் காப்பகத்தில் பதினோரு பிள்ளைகள். ஒரு மூக்கு ஒழுகினால் பதினோரு மூக்கும் ஒழுகும். அதனால்தான் வாசலிலேயே நின்று ஒவ்வொரு நெற்றியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து உள்ளே விடுகிறேன். வாயாடியின் நெற்றி தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. அவளோ, "எனக்கு ஒண்ணுமில்ல பெரியம்மா, நான் வெயில்ல நின்னேன்" என்கிறாள். இந்த மேகமூட்டத்தில் எந்த வெயில்? நாலு வயதில் இவ்வளவு பேச்சு. அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே ஒரு முழு நாள் உடம்பு சூடில்லாமல் இருந்தால் கூட்டி வா. அதுவரை வேண்டாம். தங்கச்சி பிள்ளைக்கென்று தனிச் சட்டம் கிடையாது.

அன்புடன்,
அக்கா

நவம்பர் 5, செவ்வாய்

வாத்தியாரம்மாவாகவே பிறந்த என் அக்காவுக்கு,

நேற்று லீவு போட்டேன். இன்றும் போட்டேன். பிஸ்கட் கம்பெனியில் என் இடத்தில் வேறொருத்தி நின்று பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். சூப்பர்வைசர் போனில், "உன் பிள்ளைக்குக் காய்ச்சல்னா மெஷினை நிறுத்திடலாமா? இன்னொரு நாள் லீவு போட்டா அப்படியே வீட்ல இருந்துக்கோ" என்றார். போன மாதம் இரண்டு பேரை இப்படித்தான் வீட்டில் உட்கார வைத்தார். உன் மாப்பிள்ளைக்கு மாதத்தில் பாதி நாள்தான் வண்டி ஓட்ட வேலை கிடைக்கிறது. என் வேலையும் போனால் நாங்கள் எங்கே போவது என்று நீயே சொல்லு.

ஊரார் பிள்ளையை எல்லாம் இடுப்பில் வைத்துக்கொள்கிறாய். என் பிள்ளையை மட்டும் கதவுக்கு வெளியே நிறுத்துகிறாய். ஒரு மூலையில் பாய் போட்டுப் படுக்க வைத்தால் அவள் யாரைக் கடித்துவிடப் போகிறாள்?

கோபமாக,
உன் தங்கை

நவம்பர் 6, புதன்

தங்கச்சிக்கு,

நீ எழுதியதைப் படித்து அழுதேன். அழுதேன் என்பதற்காக மனசு மாறிவிட்டேன் என்று நினைக்காதே.

உள் அறையில் தூங்குவது யார் என்று உனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து பெற்ற பிள்ளை. மாசம் நிறையாமல் பிறந்து, துணியில் சுற்றி அவனைக் கையில் கொடுத்தபோது நீதானே "என்னக்கா, பொட்டலமா கட்டிக் குடுத்துட்டாங்க" என்று சிரித்தாய்? அந்தப் பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது. டாக்டர் நேற்று மறுபடியும் சொன்னார், மற்ற பிள்ளைகளுக்கு வெறும் சளியாக வந்து போவது இவன் நெஞ்சில் இறங்கினால் தாங்க மாட்டான் என்று. காப்பகத்தை மூடிவிட்டு அவனை மட்டும் பார்த்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். மூடினால் அடுப்பு எரியாதே.

அதனால்தான் ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு டம்ளர். பொம்மைகள் தினமும் சோப்புத் தண்ணீரில் குளிக்கின்றன. கை கழுவும்போது ஒரு பாட்டு முழுசாகப் பாடி முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து. இருமல் வந்தால் முழங்கையை மடக்கி அதற்குள் இரும வேண்டும். குளிரினாலும் காலையில் கொஞ்ச நேரம் ஜன்னல் திறந்திருக்கும். பிள்ளைகளை விட்டுவிட்டு உள் அறைக்குப் போகும்போது நான் சட்டை மாற்றிக்கொண்டு போகிறேன். என்னைப் பார்த்து அத்தானே சிரிக்கிறார்.

வாயாடிக்கு வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இரு. தூங்கட்டும். எழுப்பி எழுப்பிச் சோறு திணிக்காதே.

அக்கா

நவம்பர் 7, வியாழன்

என் அக்காவுக்கு,

நீ சொன்ன மாதிரியே செய்தேன். காய்ச்சல் போன இடம் தெரியவில்லை! தொட்டுப் பார், நீயே சொல்வாய். உன் வைத்தியத்துக்கு ஒரு கும்பிடு.

பையில் சின்ன பாட்டிலில் மாதுளை ஜூஸ் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறக்காமல் நீயே ஊற்றிக் கொடு. ரத்தம் ஊறட்டும். வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதே. எச்சில் பரவும் என்று நீதானே சொல்கிறாய்.

பொட்டலத்துக்கு என் முத்தம். தூரத்திலிருந்துதான்.

தங்கை

நவம்பர் 14, வியாழன்

தங்கச்சிக்கு,

உன்னைப் பார்த்து மற்ற அம்மாக்கள் கற்றுக்கொள்ள வேண்டும். தினமும் நெற்றி ஜில்லென்று இருக்கிறது. இரண்டு மணிக்கு மேல் கொஞ்சம் துவண்டு போய் மடியில் படுத்துக்கொள்கிறாள், ஜூஸ் உள்ளே போனதும் எழுந்து மறுபடி வாய் ஆரம்பித்துவிடுகிறது. அந்த மாதுளை ஜூஸை எந்தக் கடையில் வாங்குகிறாய்? ஸ்ட்ராபெரி வாசனை வீசுகிறதே! உன்னை நன்றாக ஏமாற்றுகிறான்.

நல்ல சேதி அவ்வளவுதான். பேக்கரிக்காரர் மகன் காய்ச்சலில் விழுந்துவிட்டான். இரட்டையர் இரண்டும் இருமுகின்றன. யார் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியும். இஸ்திரிக்காரம்மாவின் பையன், அந்தச் சளிமூக்கன்தான். "அது தூசி ஒத்துக்காத மூக்குங்க, காய்ச்சலே இல்ல, தொட்டுப் பாருங்க" என்று அவள் கெஞ்சினாள். தொட்டேன், சூடில்லைதான். இருந்தாலும் எல்லா அம்மாக்களும் நிற்கும்போதே, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டேன். பையன் தன் துண்டையும் டம்ளரையும் தானே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் யாருக்காக இரக்கப்படுவது, யாருக்காகப் பயப்படுவது?

அக்கா

நவம்பர் 15, வெள்ளி

அக்கா,

நல்ல காரியம் செய்தாய். அந்தப் பையனைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கும். பிள்ளையை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் எதற்குக் காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள்? நீ இளகிப்போய் திரும்ப சேர்த்துவிடாதே.

ஜூஸ் வாசனையெல்லாம் உனக்கு மட்டும் எப்படித்தான் தெரிகிறதோ! கடைக்காரனைக் கேட்கிறேன்.

சூப்பர்வைசர் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எல்லாம் உன் புண்ணியம்.

தங்கை

நவம்பர் 21, வியாழன், ஆஸ்பத்திரி

தங்கச்சி,

அத்தானிடம் கொடுத்து அனுப்புகிறேன். பொட்டலத்துக்கு முந்தாநாள் மூக்கடைப்பு. நேற்று பால் குடிக்கவில்லை. மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. தூக்கிக்கொண்டு ஓடிவந்தோம். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். என் கட்டைவிரல் அளவு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். கையை விட்டுத் தொடலாமாம், தூக்கக் கூடாதாம்.

நான் எதில் தவறினேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அந்த இஸ்திரிக்காரி நாசமாகப் போக.

நாளைக்கு ஒரு நாள் வந்து என் பக்கத்தில் உட்காருவாயா? பேசக்கூட வேண்டாம்.

அக்கா

நவம்பர் 22, வெள்ளி

அக்கா,

பதறிப்போனேன். ஆனால் இன்றைக்கு லாரி லோடு ஏறுகிறது, லீவு கேட்டால் சூப்பர்வைசர் கையோடு அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வருகிறேன். அதற்குள் அவன் பெட்டியை விட்டு எழுந்து வந்துவிடுவான் பார். தைரியமாக இரு.

தங்கை

டிசம்பர் 9, திங்கள்

தங்கச்சிக்கு,

சொன்னபடியே அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாய். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம், ஆனால் நான் கும்பிட்ட சாமியெல்லாம் அவனை உயிரில்லாமல் துணியில் சுற்றித்தான் கொடுத்தன. நீ என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிடச் சத்தமாக அழுதாய். அந்த அழுகையை நான் நம்பினேன். அன்று எனக்கு இருந்த ஒரே பிடிமானம் அதுதான்.

நேற்று மாப்பிள்ளை வாயாடியை அழைத்து வந்தார். அவள் நேராக உள் அறைக்குப் போனாள். தொட்டிலை இன்னும் கழற்றவில்லை. பக்கத்தில் இருந்த மருந்து பாட்டில்களை வரிசையாக அடுக்கினாள். ஒன்றைக் கையில் எடுத்து, "பெரியம்மா, இது நல்ல மருந்து. இதை ஒரு மூடி குடிச்சா நெத்தி ஜில்லுனு ஆயிடும். நீ தொட்டுப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்றாள்.

"உனக்கு யாரு குடுத்தா?" என்றேன்.

"அம்மா. காலைல ஒரு மூடி. ஜூஸ்ல இன்னொரு மூடி. உன்கிட்ட சொன்னா அம்மாவுக்கு வேலை போயிடும். தம்பிக்கும் இதைக் குடுத்திருக்கலாம்ல?"

நான் அவளை அடிக்கவில்லை. அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

குழந்தை ஏதோ உளறுகிறது என்று எழுது. பொய் என்று ஒரே ஒரு வரி. நீ எழுதினால் நம்பிக்கொள்கிறேன். சத்தியமாக நம்பிக்கொள்கிறேன். அவன் போய்விட்டான், நீயும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா

டிசம்பர் 11, புதன்

அக்காவுக்கு,

நாலு வயசுப் பிள்ளையை விசாரணை செய்திருக்கிறாய். வீட்டுக்கு வந்தும் அழுதுகொண்டிருந்தாள்.

ஒரு வரி கேட்டாய். அதற்கு முன்னால் நீ எனக்கு ஒன்று சொல்லு. சின்ன வயதில் நான் திருடித் தின்ற மிட்டாயை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிப்பாயே, அந்த மூக்கு எங்கே போயிற்று? மாதுளையில் ஸ்ட்ராபெரி வாசனை வீசுகிறது என்று நீதான் எழுதினாய். கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. துவண்டு கிடந்தாள், குடித்ததும் எழுந்தாள் என்பதையும் நீதான் எழுதினாய். இத்தனை வருஷமாகப் பிள்ளை வளர்க்கிறாய், உனக்குப் புரியவில்லையா? புரிந்துதான் பேசாமல் இருந்தாய். சளிமூக்கனை விரட்ட வாய் வந்தது, தங்கச்சி பிள்ளை என்றதும் வரவில்லை. நான் பாட்டிலில் வைத்து அனுப்பினேன், சரி. தினமும் ஊற்றிக் கொடுத்தது யார் கை?

நடந்தது நடந்துவிட்டது. அழுது அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை காப்பகம் திறக்கிறாய் என்று அத்தான் சொன்னார். நீ காப்பகத்தை மூடியதிலிருந்து வாயாடியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா இனிமேல் முடியாது என்கிறார். அவளுக்கு இடம் இருக்குமா?

தங்கை

டிசம்பர் 13, வெள்ளி

வாயாடியின் தாயாருக்கு,

வணக்கம். காப்பகம் திங்கள் காலை வழக்கமான நேரத்தில் திறக்கும். உங்கள் மகளுக்கு இடம் உண்டு. துண்டும் டம்ளரும் தனியாகக் கொடுத்து அனுப்புங்கள்.

இஸ்திரிக்காரம்மாவின் வீட்டுக்கு நேரில் போய் அவர் பையனையும் திரும்பக் கூப்பிட்டேன். "வேணாங்க. உங்க வீட்டுக்கு வந்தா பிள்ளைங்களுக்கு நோய் வருதுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நகர்த்தி நான் உட்கார இடம் கொடுத்தார்.

ஜூஸ் பாட்டில் வைத்தால் மதியம் ஊற்றிக் கொடுக்கிறேன். வாசலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டேன். உங்கள் மகள் எவ்வளவு காய்ச்சலோடு வந்தாலும் கவலையில்லை. உள் அறை காலியாகத்தான் இருக்கிறது, அங்கேயே படுக்க வைத்துக்கொள்கிறேன்.

இனி பையில் கடிதம் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
காப்பகப் பொறுப்பாளர்