பீடத்தில் ஏறிய அளவுகல்லும் எயினியின் தன்னுரை ஓலையும்

நீர் நிற்க. நிலம் விளைக. கரை காப்போர் கண் துஞ்சாதிருக்க.

தண்கானல் நாட்டின் ஏழு ஆறுகளுக்கும் நூற்றெட்டு ஏரிகளுக்கும் உரிய கோமகன் செங்கழலரின் திருவடி நிழலில், அவர்தம் முதலமைச்சனும் ஏரி வாரியத் தலைவனுமாகிய வேளூர்க் காரியன், நெடுவரைக் கடிகையின் பேராசான், நூற்கடல் கடந்த ஆதிரையார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் குன்றும் அதன்மேல் எரியும் விளக்கும் நெடிது வாழ்க. தங்கள் மாணாக்கர் நோயின்றி வாழ்க. இன்னும் பன்னிரண்டு அடி வாழ்த்து எழுதுவது அரண்மனை மரபு. இம்முறை அதற்குக் கை வரவில்லை, பொறுத்தருள்க.

கருநாவல் ஊர் எயினியைக் கடிகையின் ஏரிநூல் வகுப்பில் சேர்த்துக்கொண்டதாகத் தாங்கள் விடுத்த திருமுகம் ஆவணித் திங்களில் வந்தது. அவளுடைய தன்னுரை ஓலையைப் பேரவையில் படித்தபோது அழாதவர் இல்லை என்றும், இனி விண்ணப்பிப்போர்க்கு அதுவே முன்மாதிரி என்றும் எழுதியிருந்தீர்கள். நாடே மகிழ்ந்தது. நாமும் மகிழ்ந்தவர்போல் நின்றோம். அந்த ஓலையில் கையெழுத்து மட்டுமே எயினியுடையது, மற்றவை எல்லாம் எம்முடையவை. அதைச் சொல்லவே இவ்வோலை.

எயினி கருநாவல் ஏரியின் அளவுகாரி. ஏரிக்குள் நிற்கும் அளவுகல்லில் நீர் எந்த வரியைத் தொடுகிறது என்று நாள்தோறும் காலையில் பார்த்து எழுதுவது அவள் பணி. இரண்டு வரி ஒரு முழம். நீர் ஒன்பதாம் வரியைத் தொட்டால் கலிங்கின் பலகைகளைக் கழற்றி மிகுநீரை வெளியே விடவேண்டும். அதுவரை பலகையில் கை வைக்கலாகாது. மதகைத் திறப்பவன் அவள் கணவன் கோவன். அவள் அளக்க அவன் திறக்க, பதினோராண்டு அந்த ஏரி அவர்கள் சொன்னபடி கேட்டது.

எம் நாட்டில் அளவுகல்லுக்கு மஞ்சளும் மாலையும் உண்டு. நீர் தருவது அதுவே என்று கும்பிடுவார்கள். கோடையில் ஏரி வற்றினால் அதே கல்லில் எருமைகள் முதுகு தேய்க்கும். சாமி அப்படி நிற்கலாமா என்று ஊர்ப் பெண்கள் வருந்தி, கல்லைப் பெயர்த்து ஒரு முழ உயரப் பீடத்தின்மேல் நிறுத்த முடிவு செய்தார்கள். அளவுகாரியின் இசைவு வேண்டும் என்றபோது எயினியும் இசைந்தாள். அவளும் கும்பிடுகிறவள்தானே. பீடத்துக்குக் கருங்கல் கொடுத்தவர் நாம். முதற்குடம் மஞ்சள் நீர் வார்த்தவரும் நாமே. எம் பெயரைப் பீடத்தில் வெட்டினார்கள். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னோம், இரண்டாம் முறை சொல்லவில்லை.

கல் ஒரு முழம் ஏறினால் அதன் வரிகளும் ஒரு முழம் ஏறும் என்பது ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும் கணக்கு. அன்று அங்கே நின்ற முந்நூறு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஏரி வாரியத் தலைவனுக்கும் தோன்றவில்லை. கை கூப்பும்போது கண் மூடிவிடுகிறது, என் செய்வது.

சென்ற ஐப்பசியில் ஆறு நாள் விடாமழை. ஆறாம் நாள் காலை எயினி பார்த்தபோது நீர் எட்டாம் வரியில் நின்றது. பலகையைக் கழற்றலாமா என்று கோவன் கேட்டானாம். இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றாளாம். நண்பகலில் கரை உடைந்தது. ஓடிப்போய்ப் பலகையைப் பற்றிய கோவன் திரும்பவில்லை. அவனன்றி இன்னும் நாற்பத்து மூன்று பேர். வெள்ளம் வடிந்த பிறகு, வெறும் ஏரியில் நடந்துபோய்க் கல்லருகே நின்று கையை உயர்த்தினாள். முன்பெல்லாம் அவள் விரல் உச்சி வரியைத் தொடும். அன்று எட்டவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்தவளை மாலைவரை எவராலும் எழுப்ப முடியவில்லை என்று ஊரார் சொன்னார்கள்.

ஏழு திங்கள் அவள் யாரோடும் பேசவில்லை. வைகாசியில் ஓர் ஓலையோடு எம்முன் வந்து நின்றாள். கடிகையின் விதி தாங்கள் வகுத்தது: மேற்கல்வி வேண்டுவோர், தம்மை அங்கே இழுப்பது எது என்பதை ஓரோலையில் இருபுறமும் தம் கையால் எழுதி, நாட்டு அமைச்சனின் முத்திரையோடு விடுக்கவேண்டும். அவள் ஓலையில் ஒருபுறம் ஏழு வரி இருந்தது. மறுபுறம் வெறுமையாய் இருந்தது. படித்தோம். நாற்பத்து மூன்று உயிரைப் பறித்தவள் என்று தன்னைத் தானே எழுதிக்கொள்பவளை எந்தக் கடிகை சேர்க்கும் என்று அறிவுரை சொன்னோம். அது பொய். பீடம் என்ற சொல் அந்த ஓலையில் இருந்தது. பீடத்தில் எம் பெயர் இருந்தது. முத்திரை மறுத்ததற்குக் காரணம் அவ்வளவே.

திருமுகம் எழுதுவோரிடம் அவளை அனுப்பினோம். அவர்கள் தொழில் தெரிந்தவர்கள். முதல் வரியிலேயே கணவன் சாகவேண்டும் என்றார்கள். அளவு, வரி, முழம் என்பவை அவையோரைக் கொட்டாவி விடச் செய்யும், ஆகவே வேண்டாம் என்றார்கள். மழையைக் காலன் என்றும், கோவனைக் கரைகாத்த வேங்கை என்றும், எயினியைக் கண்ணீரால் ஏரி நிரப்பியவள் என்றும் எழுதி நீட்டினார்கள். அவன் மெலிந்தவன், ஈரத்தில் நின்றால் இருமுவான் என்று அவள் சொன்னாளாம். அது உதவாது என்று சிரித்தார்களாம். கடிகைக்கு அவள் கையெழுத்தே வேண்டுமாதலால் எதிரில் உட்கார்த்திப் படியெடுக்கச் சொன்னார்கள். வேங்கை என்ற இடம் வரும்போதெல்லாம் எழுத்தாணி வழுக்கி ஓலை கிழிந்தது. ஒன்பது ஓலை கிழித்தாள். பத்தாவது முழுதாய் வந்தது. அதற்கு நாம் முத்திரை இட்டோம். படிக்கப் போனால் இன்னோர் ஊர் பிழைக்குமே என்று நாம் சொன்ன ஒரு சொல்லுக்காகவே அவள் அதை எழுதி முடித்தாள்.

தங்கள் இசைவு வந்த அன்று அவளை யானைமேல் ஏற்ற ஆணையிட்டோம். அவள் ஏறவில்லை. தங்கள் திருமுகத்தை எம் காலடியில் வைத்துவிட்டு, எம்மிடம் வாய் திறந்தாள்.

“பொய்யளவைக் காட்டி உள்ளே போனவள், நாளை எந்த ஏரிக்கரையில் நின்று இது மெய்யளவு என்று சொல்வேன் ஐயா? எல்லாரும் அழுதார்களாம். ஒருவராவது கல்லைப் பற்றிக் கேட்டார்களா?”

கேட்கவில்லை. அவள் ஊருக்குத் திரும்பி, உடைந்த கரைக்கு மண் சுமக்கும் கூலியாட்களோடு சேர்ந்துகொண்டாள். வாடிய முகத்தைப் பார்க்க அஞ்சி நாம் அவ்வழியே போவதை விட்டோம்.

இனிச் சொல்வது இதுவரை சொன்னதினும் கொடிது. நாட்டின் பெருமை என்று எண்ணி அந்தத் தன்னுரையை ஏரியூர்தோறும் பறையறைந்து படிக்கச் செய்திருந்தோம். அதில் கல் பிழை காட்டிய கதை இல்லையே! ஊரார் கேட்டார்கள், உருகினார்கள். கருநாவல் கல்லுக்குக் கிடைத்த பீடம் நம் கல்லுக்கும் வேண்டும் என்று, எம்மைக் கேளாமலும் கேட்டும், பதினேழு ஊரார் தம் அளவுகல்லைத் தூக்கிப் பீடத்தில் வைத்தார்கள். கேட்டவர்க்குக் கருங்கல் அனுப்பினோம். மறுத்தால் காரணம் சொல்லவேண்டுமே என்ற அச்சம். புரட்டாசிக் கடைசியில், பருவமழைக்கு முன்னோடியாய் வந்த மூன்று நாள் மழையில் அவற்றுள் ஒன்றான வெள்ளிலைக் குளம் உடைந்தது. பதினொரு பேர். அங்கே அளவுகாரன் நீர் ஏழாம் வரியில் நிற்பதாக எழுதி வைத்திருந்தான்.

செய்தியை எயினிக்குச் சொல்ல நாமே போனோம். மண்கூடையை இறக்காமல் கேட்டுக்கொண்டாள். எம்மை வைவாள் என்று காத்திருந்தோம். வையவும் இல்லை. எத்தனை பேர் என்று மட்டும் கேட்டாள். பதினொன்று என்றோம். ஐம்பத்து நான்கு என்று கூட்டிச் சொல்லிவிட்டு நடந்தாள். எம் பிழையையும் அவள் தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டாள்.

அவள் வைகாசியில் கொணர்ந்த ஓலையை எரிக்கச் சொல்லி எம் ஆட்களிடம் ஆணையிட்டோம். பிறகு நாமே அதை எடுத்து ஒளித்துவைத்தோம். எதற்கென்று அன்று தெரியவில்லை. இத்துடன் கட்டி அனுப்புகிறோம். ஓலை பழுதானாலும் சொல் அழியாதிருக்க, அதை இங்கேயும் எழுதுவிக்கிறோம்:

“நான் கருநாவல் ஏரியின் அளவுகாரி. கல்லைப் பீடத்தில் ஒரு முழம் உயர்த்த இசைந்தேன். கல் காட்டியதை எழுதினேன், நீரைப் பார்க்கவில்லை. நாற்பத்து நான்கு பேர் இறந்தார்கள் என்று ஊரார் சொல்வார்கள். எண்ணினால் என் கணவனையும் சேர்த்து நாற்பத்து மூன்று. கல் இல்லாமல் நீரை அளக்க எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று கேள்வி. கற்றுக்கொள்ள வருகிறேன்.”

சாவின் கணக்கைக்கூட அவள் பிசகாமல் எழுதியிருக்கிறாள். மேலே அவனன்றி இன்னும் நாற்பத்து மூன்று பேர் என்று எழுதுவித்தது எம் பிழை. திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

முன்பு வந்த ஓலையைத் தங்கள் பேரவையில் தள்ளுபடி செய்து, இந்த ஏழு வரியை அதே அவையில் அதே குரலில் படிப்பிக்க வேண்டுகிறோம். அவளைச் சேர்ப்பதும் விடுப்பதும் தங்கள் அறம். இவ்வோலை விடுப்பதை அவள் அறியாள். அழைத்தாலும் வருவாள் என்று எம்மால் உறுதி கூற இயலாது. ஆனால் கல்லின்றி நீர்மட்டம் காண வல்லார் எவரேனும் இருப்பின், வகுப்பு முடியும்வரை காத்திராமல் இன்றே குதிரையேற்றி அனுப்புக.

பதினேழில் மிஞ்சிய பதினாறு ஏரிகளுக்கும் தனியோலையில் விடுக்கும் ஆணை இது: அளவுகல்லைப் பீடத்திலிருந்து இறக்கி முன்னிருந்த குழியில் நிறுத்துக, அதுவரை எந்த வரியையும் நம்பாமல் கலிங்குப் பலகைகளை இன்றே கழற்றுக. கருநாவல் பீடத்தில் வெட்டிய பெயரைச் சிதைக்கவேண்டாம். யார் கொடுத்த கல் என்று வருவோர் படிக்கட்டும். மன்னர் திருமுன் எம் கணையாழியை வைத்துவிட்டோம். கடைசியாக ஒருமுறை அதை இரந்து வாங்கி இட்ட முத்திரை இது.

ஐப்பசி முதல் நாள், தண்கானல் கோநகர். ஓலைக்காரர் பதினாறு பேர் பதினாறு திசைக்குப் புறப்பட்டார்கள். அரக்கு ஆறுமுன் மழை தொடங்கிவிட்டது.