பாடு நாளுக்கென்று வைத்த மாத்திரை

அண்ணா,

நேற்று புதுவாயல் மருந்துக்கடையில் என் ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கேட்டேன். கடைக்காரர் அலமாரியெல்லாம் தேடிவிட்டு, "அத்த கம்பெனிக்காரன் நிறுத்திட்டாம்மா, வேற தர்றேன்" என்றார். இத்தனை வருஷம் கழித்து மறுபடி அதே சொல்! அவர் கொடுத்ததை வாங்காமலே வந்துவிட்டேன். மகன் திட்டுகிறான். அவனுக்கு என்ன தெரியும்? அப்போதிருந்து உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் உன் காதுக்குள் யார் யாரோ பேச ஆரம்பித்தார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில் ஆளில்லாத பக்கம் பார்த்துத் திட்டிக்கொண்டு நடப்பாய். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். குரல்கள் அடங்கின; கூடவே நீயும் அடங்கிப்போனாய். வாயில் எச்சில் ஒழுகும், கை நடுங்கும், வலையில் ஒரு முடிச்சுப் போட முடியாது. ஏரியில் வலை கட்ட நம் ஊரில் 'பாடு' என்று முறை உண்டே, இன்ன நாள் இன்னார் இறங்கலாம் என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பது, அதிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள். ஊசியைவிட அதுதான் உனக்கு வலித்தது.

அப்புறம் ஒரு டாக்டர், புது மாத்திரை வந்திருக்கிறது, இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, சம்மதமா என்று கேட்டார். புட்டியின் மேல் பெயர் இல்லை, வெறும் எண். "இன்னா டாக்டரே, இதுக்கு இன்னும் பேரு வெக்கிற விசேஷமே ஆவலியா?" என்றாய். அவர் சிரித்துவிட்டார். நான்தான் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் நீ எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாய்! கை நடுக்கம் போயிற்று. "கொழம்புல உப்பு போட்டியா, இல்ல ஏரித் தண்ணியவே ஊத்திட்டியா?" என்று அண்ணியைச் சீண்டினாய். அவள் கரண்டியை ஓங்கினாள், முகமெல்லாம் சிரிப்பு. ஊர்ப் பெரியவர்கள் உன் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சீட்டில் மறுபடி சேர்த்தார்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. வேறெங்கோ சிலருக்கு ரத்தத்தில் கோளாறாம். கம்பெனி சோதனையையே நிறுத்திவிட்டதாம். இவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கத்தினேன். "ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா" என்றார். பழைய ஊசிக்கே வரச் சொன்னார். வீட்டில் மிச்சமிருப்பதைத் திருப்பித் தரச் சொன்னார். "தீந்துபூட்ச்சே" என்று கண்ணிமைக்காமல் சொன்னாய்.

ஒளித்துவைத்த மிச்சத்தை எப்படித் தின்றாய்? பாடு விழும் நாளில் மட்டும்! வலைக்கு முறை வைக்கிற மாதிரி மருந்துக்கும் முறை வைத்தாய். "தெனம் முழுங்கணும்ண்ணா, சொன்னா கேளு" என்று தலையில் அடித்துக்கொண்டேன். "கரையில குந்திகினு இருக்கற நாளுக்கு அது எதுக்கு? தண்ணில நிக்கும்போது புத்தி இருந்தா போதும்" என்றாய். போதவில்லை. பாடு இல்லாத நாட்களில் வந்த குரல்கள் பிறகு பாடு நாளிலும் வந்தன.

அடுத்த சீட்டுப் போட கோயில் வாசலில் ஆண்கள் கூடியிருந்தார்கள். நானும் அண்ணியும் தள்ளி நின்றோம். உன் பெயரைக் கூப்பிடும் முன்னே நீயே எழுந்தாய். "எம் பேர எடுத்துடுங்க. நேத்து தண்ணில பக்கத்துல நின்னவன இன்னாமோன்னு நெனச்சிகினு கழிய ஓங்கிட்டேன். அவன் புள்ளகுட்டிக்காரன்." நேராக என்னிடம் வந்து, "வா, ஊசிக்குப் போலாம்" என்றாய்.

அந்த மாத்திரை நல்லதா கெட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அது வராமலே இருந்திருந்தால், மூலையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் என் அண்ணன் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். உன்னைக் காட்டிவிட்டல்லவா போனது, பாவி மாத்திரை!

உன் சாவுக்கு வந்த ஒருத்தி, "பாவம், நல்லது கெட்டது தெரியாத மனுசன்" என்றாள். உன் தலைமாட்டிலிருந்து எழுந்து அவளிடம் சண்டைக்குப் போனேன். "எல்லாம் தெரிஞ்சிதாண்டி எங்கண்ணன் அன்னிக்கு எழுந்து நின்னாரு!" என்று கத்தினேன். எல்லோரும் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அண்ணா. அடங்கவும் வேண்டாம்.